எட்டாவது புள்ளி

போன மாதம் வீடு மாறினோம். கல்யாணம் ஆனதிலிருந்து இது ஆறாவது வீடு. சாமான் கட்டுவதும் பிரிப்பதும் அலுத்துப் போய், இந்த முறை பாதியைத் தூக்கிப் போட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்தேன். லாஃப்டின் கோடியில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் ஒற்றை ஷூ கிடந்தது. வலது கால். வெள்ளைக் கேன்வாஸ், இன்றைக்கு அதை வெள்ளை என்று நான் சொன்னால்தான் உண்டு. அடிப்பாகம் வெடித்து, கயிறும் இல்லாமல் வாயைப் பிளந்திருந்தது. கணவர் அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பை மூட்டையில் போட்டார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். முன்பக்க ரப்பர் விளிம்பில் வரிசையாகப் பதினொரு பச்சைப் புள்ளிகள், இப்போது ஏறக்குறையக் கருப்பு. எத்தனை என்று நன்றாகத் தெரிந்திருந்தும் ஒருமுறை எண்ணினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கர்நாடகத்தில், பொம்மசந்திராவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தேன். திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, நாலு பெண்களோடு ஒரே அறையில் தங்கியிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராமல் போர்டுகளில் ஈயம் வைக்க வேண்டும். வைத்து முடித்த போர்டுகள் டிரேயில் ஏறி லைன் கடைசியில் இருக்கும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்குப் போகும். அங்கே வட்ட விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குப் பின்னால் மேடம் உட்கார்ந்திருப்பார். ஈயம் சரியாகப் பிடிக்காத இடத்தில் நகக்கண் அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். அம்பின் முனை தப்பைக் காட்டும். அந்தப் போர்டு நமக்கே திரும்பி வரும். சரியான போர்டாக இருந்தால் மூலையில் மார்க்கரால் ஒரு பச்சைப் புள்ளி வைத்து, 'ஆய்த்து' என்பார். 'ஆச்சு' என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரே நாளில் இருபது அம்பு வாங்கிக்கொண்டு பாத்ரூமில் போய் அழுதிருக்கிறேன். என்னைவிட நாலு வயதுதான் பெரியவர், ஆனாலும் லைனில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். தொம்மலூரில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா கர்நாடக அரசு வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

கம்பெனி விளையாட்டு நாளில் நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியதை மேடம் பார்த்திருக்கிறார். காலேஜில் அவர் கிராஸ் கன்ட்ரி ஓடியவராம். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டார். துணி துவைப்பேன் என்றேன். துவைத்துவிட்டு வா என்றார். சந்தாபுரா சர்க்கிளில் பஸ் பிடித்து ஆனேக்கல் போய், அங்கிருந்து இன்னும் உள்ளே போனால் ஒரு மொட்டைப் பாறை மலை. சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக ஏறி இறங்கிவிட்டு, இட்லி தின்று திரும்புவோம். டிரெயில் ரன்னிங் என்ற பேரெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மலைக்குப் போகிறோம், அவ்வளவுதான். ஆறு நாள் அம்பு ஒட்டியவரோடு ஏழாவது நாளும் ஏன் போகிறாய் என்று அறையில் கேலி செய்தார்கள்.  எனக்கு அந்த நாலு சுவரிலிருந்து வெளியே வந்து மூச்சு வாங்க ஓடுவது பிடித்திருந்தது.

மூன்றாவது மாதம், தூறல் விட்ட ஈரத்தில் இறங்கும்போது விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. சால்டரிங் பிடிக்கிற கை. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் உன் சீட்டில் வேறு ஆளைப் போட்டிருப்பேன் என்று லைன் லீடர் முகத்துக்கு நேரே சொன்னார். கை சரியானதும் மறுபடி மலைக்குப் போனேன். ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை. உச்சியில் திரும்பி நின்று கீழே பார்த்ததும் இரண்டு காலும் பூட்டிக்கொண்டன. ஏறுவதற்கு மூச்சு இருந்தால் போதும். ஓடி இறங்க, அடுத்த கால் வைக்கப்போகிற இடம் நம்மை ஏமாற்றாது என்று தோன்ற வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை. பாறையில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்புறத்தால் தேய்த்துக்கொண்டே இறங்கினேன். சுடிதார் கிழிந்தது. அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். இனி காலம் முழுக்க இப்படி உட்கார்ந்துதான் இறங்கப்போகிறேனா என்று பஸ்ஸில் வரும்போது நினைத்து நினைத்து வெறுத்துப் போனேன்.

பயப்படாதே என்று எல்லோரும் சொன்னார்கள். மேடம் மட்டும் சொல்லவில்லை. அவர் முன்னால் இறங்கிப் போய் அடிவாரத்தில் நின்று, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் இரண்டு பாறைகளுக்கு நடுவே எப்படியோ எழுந்து நின்று கொஞ்சம் நடந்துவிட்டேன். பிறகு வழக்கம்போல உட்கார்ந்துவிட்டேன். கீழே வந்ததும் மேடம் பையிலிருந்து அந்தப் பச்சை மார்க்கரை எடுத்தார். குனிந்து என் வலது ஷூவின் ரப்பரில் ஒரு புள்ளி வைத்தார்.

"அந்த ரெண்டு பாறைக்கு நடுவுல எட்டு ஸ்டெப் வெச்ச. கை ஊணல. பாத்தேன். ஆய்த்து."

மீதி தூரம் முழுக்க உட்கார்ந்துதானே வந்தேன் என்று கேட்டேன். அதற்கெல்லாம் அம்பு ஒட்டினால் ஸ்டிக்கர் பத்தாது என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அந்த வாரம் முழுக்க, லைனுக்குள் போகுமுன் ஷூவைக் கழற்றி ராக்கில் வைக்கும்போதெல்லாம் புள்ளி கண்ணில் பட்டது. எட்டு ஸ்டெப். வேறு யாராவது 'சூப்பர்' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இது ஆறு நாளும் என் தப்பை விடாமல் காட்டுகிற கை வைத்த புள்ளி. அந்தக் கை சும்மா வைக்காது. எட்டு வைத்தவளுக்கு ஒன்பது வைக்க முடியாதா என்று ஈயம் வைத்துக்கொண்டே யோசித்தேன். அடுத்த புள்ளி, விழுந்த இடத்தை நின்றபடி கடந்ததற்கு. அதற்கடுத்தது, மேல்சரிவில் கையை ஊன்றாமல் திரும்பியதற்கு. சில வாரம் ஒன்றும் கிடைக்காது. ஒருமுறை, மேகம் மறைத்த பகுதியில் நான் நின்றுதான் வந்தேன், சத்தியமாக என்று கெஞ்சினேன். "பாக்காததுக்கு வெக்க மாட்டேன்" என்று மார்க்கரை மூடிப் பையில் போட்டுவிட்டார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். ஏழு புள்ளி சேர்ந்தபோது முக்கால் மலையை நின்று இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இடம் மட்டும் பாக்கி. உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்துச் சரிவு.

அந்த ஞாயிறு, வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்த களைப்பு. செங்குத்து வந்தது. இடது பக்கமாக ஒதுங்கி, உட்கார்ந்து, சர்ரென்று தேய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். மறைவெல்லாம் இல்லை, பட்டப்பகல் வெளிச்சம். மேடம் கீழிருந்து பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஒன்றும் கிடையாது என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அவர் குனிந்தார்.

"செங்குத்துல உக்காராம வந்த. ஆய்த்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம் பார்த்து வைத்தாரோ என்று நினைத்தேன். பாவம் பார்க்கிற ஆள் இல்லையே என்றும் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். கேன்டீனில் இடது பக்கம் இருந்த டீ கிளாஸை முழங்கை தட்டிவிட்டது. பக்கவாட்டில் வந்த டிரே வண்டியில் தானே போய் மோதினார். மலைப் பாதையோரத்து முள் ஒவ்வொரு முறையும் அவர் கையைக் கீறியது. பூதக்கண்ணாடிக்கு நேரே வைத்தால் மயிரிழை விரிசல்கூட அவருக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியவில்லை. இரண்டே வாரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

நான் சொல்லவில்லை. மேடத்திடம் போய் உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது, அது மரியாதையா என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்தப் பொய். எனக்குப் புள்ளி வேண்டியிருந்தது. பார்க்க முடியாதவர் என்று ஆகிவிட்டால் யார் எனக்குப் புள்ளி வைப்பது? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாக இருந்தாலும். அந்தப் பொய்ப் புள்ளி வேலை செய்தது. அடுத்த ஞாயிறு அதே செங்குத்தில் போய் நின்றபோது, இது ஏற்கெனவே பாஸான இடம் என்று கால் நம்பியது. பொய் என்று எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியவில்லை. நின்றபடியே இறங்கிவிட்டேன். அதற்கு ஒன்பதாவது. மழையும் ஓவர்டைமும் நடுவில் குறுக்கிட்டாலும், அங்கங்கே ஓடி இறங்க ஆரம்பித்ததற்குப் பத்தாவது, பதினொன்றாவது என்று மாதங்கள் போயின. மேடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கஸ்டமரிடமிருந்து போர்டுகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஓரத்தில், மூலையில், தவறிப்போன தப்புகள். யாரும் அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்பே மேடம் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வந்ததும் இன்ஸ்பெக்‌ஷன் மேஜை வேண்டாம் என்று அவரே எழுதிக் கொடுத்தார். பேக்கிங்கில் போட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆனேக்கல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"கண்ணுல பிரஷராம். போனது வராதாம், இருக்கறத வேணா சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்தலாமாம். ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நெறைய மிஞ்சியிருக்கும்னாரு. கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையாம்மான்னு கேட்டாரு. யாரும் கவனிக்கல டாக்டர்னேன்."

ஆறு மாதத்தைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை நேரே எட்டாவது புள்ளியில் போய் நின்றது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டிக்கெட்டை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் மலை ஏறவில்லை. அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நான் உச்சிக்குப் போய்த் திரும்பி, ஒரே ஓட்டமாக இறங்கினேன். செங்குத்து, விழுந்த இடம், இரண்டு பாறை, எதிலும் நிற்கவில்லை, உட்காரவில்லை, கை தரையைத் தொடவில்லை. கை முறிந்த பிறகு முதல் தடவையாக முழு மலையும் ஓடியே. மூச்சு வாங்க வந்து நின்று வலது காலை நீட்டினேன். மேடம் மார்க்கரைத் திறந்து கையில் வைத்திருந்தார்.

"முழுசாவா?"

"முழுசா, மேடம்."

 அவர் மார்க்கரை மூடினார்.

"நான் பாக்கலையே. இதுல கடைசி நாலஞ்சு நான் பாக்காமலே வெச்சது. மேல உன்னக் காணோம்னு தேடிட்டே இருப்பேன், பாத்தா கீழ வந்து நிப்ப. தெரியலன்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சி. எது எதுன்னு தெரிஞ்சா அழிச்சிடுவேன்."

எது என்று எனக்குத் தெரியும். விரல் வைத்துக் காட்டியிருக்க முடியும். நான் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "இருக்கட்டும் மேடம்" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டதாக அவர் நினைத்திருப்பார். என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அந்த வருடமே அவர் வேலையை விட்டுவிட்டார். தொம்மலூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார் என்று கேள்வி. கொஞ்சம் கொஞ்சமாக இருந்ததும் குறைந்துவிட்டது, பகலில்கூடத் துணைக்கு ஆள் வேண்டும் என்று பழைய லைன் பெண் ஒருத்தி சொன்னாள். போக வேண்டும் போக வேண்டும் என்று நினைத்ததோடு சரி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதுகூட இறங்கியதில்லை.

இப்போதும் ஓடுகிறேன். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன, வேகம் போய்விட்டது. இன்றைக்கு ஓட்டத்துக்கு ஆயிரம் பேர் வருகிறார்கள், கையில் தூரம் காட்டும் வாட்ச், வழிநெடுக நின்று 'சூப்பர் ஆன்ட்டி' என்று கை தட்டும் பிள்ளைகள். எனக்கு அது காதில் ஏறுவதில்லை. ஆனால் செங்குத்து வந்தால் மற்றவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் நான் நிற்பதில்லை. எப்படி ஆன்ட்டி பயமில்லாமல் இறங்குகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். பழக்கம்தான் என்றேன். ஒருவர் கண்ணை விலையாக வைத்துப் பழகியது என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

புது வீட்டில் சாமான் பிரிக்கும்போது ஷூ மறுபடி கணவர் கையில் சிக்கியது. குப்பையில் போட்டது எப்படி இங்கே வந்தது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னது இந்தப் புள்ளியெல்லாம்?"

"மேடம் வெச்சது. பாறையில உக்காராம எறங்கினதுக்கு."

அவர் விரலால் எண்ணினார். விரல் எட்டாவதைத் தொட்டுத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினொண்ணு. எல்லாமே உக்காராம எறங்கினதா?"

"எல்லாமே" என்றேன்.

பரவாயில்லையே என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைப் பத்திரமாக லாஃப்டில் வைத்தார்.