இடது தோளுக்கு ஓர் அழைப்பு

வருடத்தில் ஒரு மாலை மட்டும் அம்மா, அப்பாவின் இடது தோளில் வெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தேய்ப்பாள். ஆவணி அமாவாசைக்கு முந்தின நாள். தேய்த்துக்கொண்டே மராத்தியில் ஏதோ முணுமுணுப்பாள். மறுநாள் அப்பா வேலைக்குப் போக மாட்டார். தோள்வலி வைத்தியம் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா குப்புராஜ், கீழ்க்கட்டளையில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுபவர். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ. ஒரு நாளைக்கு முப்பதுக்குக் குறையாது. பாதி வீடுகள் லிஃப்ட் இல்லாத மாடிகளில். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். தாம்பரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரே இடத்தில் சுமை திரும்பத் திரும்ப விழுந்தால் என்ன ஆகும் என்று படித்திருக்கிறேன். அப்பாவின் இடது தோளில் அது மேடாகத் தெரியும்.

அம்மா பெயர் ஷேவந்தா. மகாராஷ்டிரத்தில் நாற்பது வீடுகளும் சோளக்காடுகளும் உள்ள ஓர் ஊர். பஞ்சம் வந்த வருடம் அப்பா திருச்செங்கோட்டு போர்வெல் லாரியோடு அங்கே போனார். இருநூறு அடி வரை வெறும் புழுதி. இருநூற்று நாற்பதில் தண்ணீர் பீய்ச்சியடித்ததும் ஊரே நின்று நனைந்ததாம். அம்மா மட்டும் குடம் எடுக்க வீட்டுக்கு ஓடினாளாம். "அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் கட்டிக்கிட்டேன்" என்பார் அப்பா.

இங்கே மழை விட்டதும் அம்மா தெருவோர மண்ணில் விரலை விட்டு எவ்வளவு ஆழம் நனைந்திருக்கிறது என்று பார்ப்பாள். விதைக்க ஒரு சாண் நிலம் கிடையாது. ஏன் பார்க்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

2007 ஜூனில் இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாள்.

அதன்பின் அப்பா ஞாயிற்றுக்கிழமைகூட ஓயவில்லை. தோள் வீங்கியது. டாக்டரிடம் வரவில்லை. என்னையும் தொட விடவில்லை. ஆவணி அமாவாசைக்கு முந்தின மாலை நானே வெண்ணெயும் மஞ்சளும் குழைத்த கிண்ணத்தோடு போனேன்.

"நாளைக்கு லீவு போடுப்பா."

"யாரும் கூப்பிடாம எப்படிப் போடறது?" சட்டையைக் கழற்றவில்லை.

பக்கத்து வீட்டு அங்காளம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா குப்பண்ணே, பொண்ணு நலங்கு வெக்குதா? இந்த வயசுல வெக்கமா கீதா?"

அப்பா திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா இருந்தபோது என்றால் பதிலுக்குக் கேலி செய்யாமல் விட்டிருக்க மாட்டார்.

யார் கூப்பிட வேண்டும்? எங்கே? அம்மா ஊரில் இருக்கும் மாமா தோண்டிபாவுக்கு போன் செய்தேன். மராத்தி எனக்குப் பாதி புரியும். விஷயத்தைச் சொன்னதும் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

"மனுஷனுக்கா செஞ்சா? அது எருதுக்கும்மா! நுகத்தடி படுற இடத்துல பூசி, 'இன்னைக்கு அழைப்பை வாங்கிக்கோ, நாளைக்குச் சாப்பிட வா'ன்னு சொல்லணும். மறுநாள் எருதுப் பண்டிகை. நுகம் வைக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. போளி ஊட்டணும்."

பிறகு மாமா குரலைத் தாழ்த்தினார். "அக்கா அங்க போயும் விடலையா?" என்றார். சிரிப்பு போயிருந்தது. அந்த அழைப்பு வாக்கியத்தை மராத்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அப்பாவிடம் மறைப்பதா, சொல்வதா? சொல்லிவிட்டேன்.

"அது மாட்டுக்குச் செய்யறதாம்ப்பா."

"தெரியும்." முதல் பொத்தானைக் கழற்றினார். "மொத வருஷமே கேட்டேன், என்னை மாடுன்றியான்னு. ஆமான்னா. ஒத்த மாட்டை எந்த ஊர்ல பூட்டுவாங்கன்னு கேட்டேன். கிண்ணத்தை என் கையில குடுத்துட்டு அவ தோளைக் காட்டினா. வருஷா வருஷம் அப்படித்தான். நீ பார்த்திருக்க மாட்டே, கதவைச் சாத்திடுவா."

வீங்கிய இடத்தில் பூசினேன். சூடாக இருந்தது. எழுதி வைத்ததைப் படித்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினேன். அப்பா கண்ணைத் திறக்காமலே திருத்தினார்.

பிறகு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு நீயும் லீவு சொல்லிடு."