நாலாக வெட்ட வேண்டிய குளிசை

கலியாணத்துக்கு முன்பே உச்சியில் முடி கொட்டத் தொடங்கியதை மனைவிக்குத் தெரியாமல் தொப்பி போட்டே மறைத்து வந்தேன். அதற்கென்று கனடாவிலிருந்து அண்ணா ஒரு குளிசை அனுப்பினார். அதை நாலாக வெட்டி விழுங்கவேண்டுமாம். சத்துக் குளிசை என்று மனைவியிடம் பொய் சொல்லி, அவளைக் கொண்டே வெட்டுவிக்க நினைத்திருந்தேன். அதற்குமுன் ஒருதரம் கேட்போமென்று கிளிநொச்சியில் ஒரு டொக்டரிடம் போனேன்.

“வீட்டில ஆரும் பிள்ளைத்தாச்சியோ?” என்று கேட்டார்.

“ஓம், மனிசிக்கு நாலு மாதம்.”

“உடைச்ச குளிசையை அவா தொடவே கூடாது. வயித்துப் பிள்ளையைப் பாதிக்கும்.”

வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கோபப்பட்டாள். பிறகு சிரித்தாள்.

“பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே காத்து உங்கட தொப்பியைக் கொண்டுபோனது. உங்கட மொட்டை உச்சியைப் பாத்த பிறகுதான் நான் ஓம் எண்டனான்.”

பிள்ளை பிறந்தபின் குளிசையைப் பற்றிக் கேட்க டொக்டரிடம் திரும்பவும் போவேன். அந்தமுறை அவளையும் கூட்டிக்கொண்டு.