வேகாத பல்செட்: திருப்பரங்குன்றத்திலிருந்து செல்லூருக்கு

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை செல்லூருக்குப் போய்வந்தேன். என் பல்செட்டைச் செய்த இடத்தில் சண்டை போடத்தான் போனேன். புது செட் மாட்டி ஐந்து வாரம். மாட்டிய நாளிலிருந்து கீழ் ஈறில் புண். பல் டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் மகனிடம் பேசினார். "செட்டைக் கழட்டி வச்சிட்டு ரெண்டு வாரம் பாப்போம். ஆறலைன்னா சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்." எதற்கான டெஸ்ட் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

செட்டின் பிளாஸ்டிக் செய்யும்போது சரியாக வேகவில்லை என்பது என் கட்சி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மோட்டார் காயில் கட்டிப் பிழைத்தவன் நான். வேதியியலைப் பழைய புத்தகங்கள் வாங்கி நானே படித்தேன். டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார். அந்தச் சிரிப்பை மன்னிப்பதாக இல்லை.

காலை 9.10க்குத் திருப்பரங்குன்றத்தில் பஸ். பெரியார் நிலையம் ஏழு கிலோமீட்டர். இருபத்தைந்து நிமிடம், பன்னிரண்டு ரூபாய். அங்கிருந்து ஆட்டோ. சாட்சிக்காக செட்டை டப்பாவில் போட்டு எடுத்துப் போனதால், பொக்கை வாயைத் துண்டால் மூடியிருந்தேன்.

"பெருசு, துண்ட எடுத்துட்டுப் பேசுங்க. நூத்தம்பது."

"மூணு கிலோமீட்டருக்கா?"

"பாலத்துல டிராபிக்க நீங்க எறங்கித் தள்ளிவிடுவீங்களா?"

நூற்றிருபதுக்கு வந்தான். சந்துக்குள் ஆட்டோ நுழையாது. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஐந்து நிமிடம் நடந்து மாடி ஏற வேண்டும். அங்கே ஜெசிந்தா என்ற பெண், பல கிளினிக்குகளுக்கு செட் செய்கிறவர். கை முழுக்க அச்சு வார்க்கும் பிளாஸ்டர் பூச்சு.

"வேகலையா? ரெண்டு மணி நேரம் மிதமான சூடு, அப்புறம் ஒரு மணி நேரம் தளதளன்னு கொதி. இருபது வருசமா இப்பிடித்தான். இது என்ன இட்லியாய்யா, வேகாமப் போக?"

 அவர் செய்தது சரியென்றால் புண்ணுக்குக் காரணம் வேறு. வழியெல்லாம் அந்தப் பெண் தவறு செய்திருப்பாள் என்ற நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

செய்முறையைக் காட்டினார். இளஞ்சிவப்புப் பொடி, பழுப்புப் பாட்டிலில் தண்ணீர் போன்ற திரவம், பெயர் மெத்தில் மெத்தாக்ரிலேட். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் இறுகியிருக்கும். சூடு பட்டதும் பொடியில் கலந்திருக்கும் ஒரு தூண்டுபொருள் உடைகிறது. அதன் துணுக்கு ஒரு மூலக்கூறைத் தொட்டதும் இரட்டைப் பிணைப்பில் ஒன்று திறந்து, அடுத்த மூலக்கூறைப் பிடிக்கிறது. அது அதற்கடுத்ததை. இப்படி ஆயிரக்கணக்கில் தொடர்ந்து, பிசைந்த மாவு கெட்டிப் பிளாஸ்டிக் ஆகிறது. எடுத்த எடுப்பில் கொதிக்கவிட்டால் திரவமே ஆவியாகி உள்ளே குமிழ் விழும்; அதனால் முதலில் மிதமான சூடு. ஆனால் இறுகிய பிறகு, மிச்சமிருப்பவை நகர முடியாமல் தனியே சிக்கிக்கொள்ளும். கடைசிக் கொதிதான் அவற்றைச் சங்கிலியில் சேர்க்கும். சேராதவை ஈறில் கசிந்து எரிக்கும்.

பாட்டிலைத் திறந்தார். அந்த வாடை!

"இதுதாம்மா. முதல் பத்து நாளு சோத்துல, தண்ணியில, எல்லாத்துலயும் இதே வாடை."

அவர் மூடியைத் திருகிவிட்டு உட்கார்ந்தார். "உங்க செட்டை வேகவச்ச அன்னைக்குக் கரண்ட் போச்சுய்யா. கடைசிக் கொதி ஏறலை. கிளினிக்லருந்து ஆள் வந்து நின்னாங்க. அப்படியே எடுத்துப் பாலிஷ் போட்டுட்டேன். எம்புட்டு வேணும்னாலும் திட்டுங்க."

திட்ட வரவில்லை. "நெசமாத்தானே சொல்றே? என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லலையே?" என்று இரண்டு முறை கேட்டேன்.

"நெசந்தான். ஆனா வாடை பத்து நாள்ல போயிருச்சுல்ல? கசியிறது பெரும்பாலும் அத்தோட அடங்கிரும். இன்னும் ஏன் ஆறலைன்னு எனக்குத் தெரியலைய்யா. செட்டைக் கழட்டி எத்தன நாளாச்சு?"

"இன்னைக்குக் காலைல."

"டாக்டர் சொல்லி?"

"ஆறு நாள்."

 செட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "ஆறுனா வாங்க, புதுசே செஞ்சு தாரேன். ஆறலைன்னா டாக்டர்ட்டயே போங்க" என்றார்.

செல்ல நினைப்பவர்களுக்கு: பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு பாலத்தில் நெரிசல். செட்டைத் தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள், காய்ந்தால் கோணும். கடைசிக் கொதி எவ்வளவு நேரம் என்று கூசாமல் கேளுங்கள். புது செட்டை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைத்து மாட்டுங்கள். வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் செல்லூருக்குப் போகாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். நான் சொன்னதில் பாதி சரி என்பதற்காக அவர் சொன்னது தவறாகிவிடாது. இதை எழுத எனக்கு மனமே இல்லை.

செட்டைக் கழட்டி இன்று ஒன்பதாம் நாள். கஞ்சியும் ரசமும்தான். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது புண் சிறுத்தது போலிருந்தது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். செல்போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தான்.

"அப்படியேதான்ப்பா இருக்கு" என்றான்.