அத்தைக்கு உருட்டிக் கொடுத்த லேகியம்

என் மாமியாருக்கு என்மேல் இரக்கம் வந்ததெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான். அதுவும் லேகியம் உள்ளே போனால்தான்.

சங்கரன்கோவிலில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. வெள்ளைக்காரன் போயிருந்த புதிது. அத்தைக்கு மூட்டுவலியில் தூக்கமே கிடையாது. வாசுதேவநல்லூர் வைத்தியர் கஞ்சா சேர்த்த லேகியம் கொடுத்து, சுண்டைக்காய் அளவுக்கு மேல் கூடவே கூடாது என்று என்னிடம்தான் சொல்லியிருந்தார்.

பகலில் அத்தைக்கு நான் நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம். லேகியம் சாப்பிட்ட முதல் நாள் என் கையைப் பிடித்து விளக்கடிக்கு இழுத்தார். உலக்கை பிடித்துப் பிடித்து உள்ளங்கை கொப்பளித்திருந்தது. "ரொம்ப எரியுதாட்டி?" என்றவர் அழுதேவிட்டார். எனக்குப் பயமாகக்கூட இருந்தது. மறுநாள் காலையில் அதே கையில் உலக்கையைக் கொடுத்து நெல் குத்தச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் ராயகிரியில் என் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். போய்ப் பார்க்க அத்தை விடவில்லை. "நீ போயிட்டா இங்கன உலை வைக்கது யாரு?" வீட்டுக்காரர் அவர் பேச்சைத் தட்டுகிற ஆளில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஒருநாள் லேகியத்தைப் பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டிக் கொடுத்தேன். கடை அடைத்து வந்த வீட்டுக்காரரையும் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

அத்தை தன் தாய்க்கு அழுவதுபோல என் அம்மாவுக்காக அழுதார். "பெத்தவ வாசலையே பாத்துக்கிட்டுக் கெடப்பாளே! விடிஞ்சதும் இவள பஸ் ஏத்தி விடுலே."

காலையில் அத்தையால் எழுந்து உட்கார முடியவில்லை. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, நாக்குக் குழறியது. தண்ணீர் கேட்டார். செம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கு ஓடினேன். தெளிந்துவிட்டால் போக வேண்டாம் என்பாரே! ஜன்னலோரம் இடம் கிடைத்ததற்குச் சந்தோஷம்கூடப் பட்டேன். நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டி, தலை வாரிவிட்டு, அவள் கொஞ்சம் தேறியதும் திரும்பினேன். அத்தையின் நெற்றியில் காயம் கருத்திருந்தது. நான் போன அன்று, அந்தச் செம்பை எடுக்க எழுந்து விழுந்தாராம். பக்கத்து வீட்டுக்காரிதான் தூக்கி உட்கார வைத்தாளாம். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, அளவைக் கூட்டிக் கொடுத்ததைச் சொன்னேன்.

பட்டப்பகல். அன்றைக்கு அவர் லேகியத்தைத் தொட்டிருக்கவில்லை.

"தெரியாமலா முழுங்குனேன்?" என்றார், காலை இழுத்துக்கொண்டு. "அது இல்லாம உன்னப் பாத்தா எனக்கு எரிச்சல்தான்ட்டி வருது, நான் என்ன செய்ய? ஆனா நீ ஒங்கம்மையப் போய்ப் பாக்கணும்லா. அதான் கொடுத்தத அப்படியே முழுங்குனேன்."