சுவர் தாண்டி வந்த கடல்

எங்கள் ஊர் மாரியம்மன் மேல் ஆணையாக, இதைப் படிக்கும் பெரியோர்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன்: நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. என் மனைவியே நம்பவில்லை. அவள் அந்தக் கதைக்குள்ளேயே குடியிருந்தவள்.

செய்தி வந்தபோது நான் தறிக் கொட்டகையில் நின்றிருந்தேன். எட்டு விசைத்தறிகள் ஓடும் இடத்தில் பேச்சு எடுபடாது. வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்த லாரி ஆபீஸ் கணக்கர், "செங்கோடண்ணன் போயிட்டாருங்க" என்று மூன்று முறை கத்தினார். மூன்றாவது முறைதான் காதில் விழுந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். முதல் முறையே விழுந்துவிட்டது. தறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அப்போது எனக்கு வசதியாக இருந்தது.

அஸ்தம்பட்டியில் அவர் வீட்டுக் கூடத்துக்கு மீன் பார்க்கப் போனவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கெல்லாம் அவர் சேலத்துக்குக் கடலைக் கொண்டு வந்த மகான். எனக்கு அவர் பெரியப்பா மகன். ஆட்டையாம்பட்டியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் அப்பன்மார் பாகம் பிரித்த வருஷம் எழுப்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் வந்த கதை உங்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் வந்த கதையை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அண்ணன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். தூத்துக்குடிக்கு உப்பு ஏற்றப் போகும் வண்டிகள் திரும்பும்போது, மூட்டைகளுக்கு மேலே நான்கு பீப்பாய் கடல் தண்ணீரும் வரும். அதை ஐந்தடிக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, பவளத்தையும் கடல் மீன்களையும் விட்டார். முதல் வருஷம் எல்லாம் செத்தன. தண்ணீர் கெட்டு எழுந்த நாற்றத்தில் பஸ்கள் எங்கள் ஊரில் நிற்காமல் மல்லசமுத்திரம் போய்த்தான் மூச்சு விட்டன.

அப்புறம் எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. ஒரு காலை அதைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"ஏன்டா, உன்ற ஊட்டுச் செவுத்துல ரெண்டு ஓட்டை போட்டுக்கட்டுமா?"

எதற்கு என்றேன். பெரிய தொட்டியோடு இன்னொரு தொட்டியைக் குழாயால் இணைக்க வேண்டுமாம். அதில் மீன் கிடையாது, கடல்பாசி மட்டும். தண்ணீரில் சேரும் அழுக்கைப் பாசி தின்னும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சிகள் அதற்குள் பயமில்லாமல் பெருகி, குழாய் வழியே போய்ப் பவளத்துக்கும் மீனுக்கும் இரையாகும். அவர் வீட்டுக் கூடத்தில் அதற்கு இடமில்லை. பார்க்கவும் லட்சணமாக இருக்காது. ஆகவே அது என் வீட்டில்.

"பெரிய மீன் இருக்கற எடத்துல பொடிசு பொழைக்கோணும்னா அதுக்கொரு ஒதுக்கு வேணும் சாமி" என்றார்.

"எனக்கு என்னங்கண்ணா வரும்?"

"கூட்டுக் கெணறு மாதிரிதான்டா. மீன் எம்பங்கு, பாசி உம்பங்கு. தண்ணி ரெண்டு பேருக்கும் பொது."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விழுந்தேன். எங்கள் பக்கத்தில் நிலம் பிரியும், வீடு பிரியும், அண்டா குண்டாவெல்லாம் பிரியும். கிணறு பிரியாது. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட, மற்றவனைக் கேட்காமல் அதில் ஒரு கல்லைப் பெயர்க்க மாட்டார்கள். அண்ணன் எனக்குக் கடலில் பாதியை எழுதிக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

என் தொட்டியை அவருடையதைவிட ஒரு சாண் உயரத்தில் வைத்தோம். அவர் பக்கத்தில் காற்று மோட்டார் குமிழி விட்டுத் தண்ணீரை ஒரு குழாயில் தூக்கும். என் தொட்டியில் நிரம்பி வழிவது இன்னொரு குழாய் வழியே அவரிடம் இறங்கும். சுவரை உடைத்த சத்தம் கேட்டு, பங்காளிகள் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று ஊரே திரண்டு வந்து, பாசியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

அதன் பிறகு நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் கோழிகள் ஒரே மாதத்தில் நண்டு போலப் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தன. எங்கள் தெருவில் ரசத்துக்கு உப்புப் போடுவதை நிறுத்தினார்கள். பௌர்ணமிக்கு என் தொட்டியில் ஓதம் ஏறி, கடைசித் தறி ஒன்று ராசிபுரம் ரோடு வரைக்கும் மிதந்து போனது. பூச்சிகளோ, ஒரு டம்ளர் தண்ணீரில் சேலம் ஜில்லா ஜனத்தொகை அளவுக்கு இருக்கும். அத்தனையின் முகமும் எனக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் மூன்று வருஷம் சாகாமல் இருந்தன. பார்க்க வந்தவர்களிடம் அண்ணன் மீனைக் காட்டுவார். சுவரைக் காட்ட மாட்டார். நானும் எதிர்பார்க்கவில்லை. பங்குக்காரனுக்கு எதற்குச் சிபாரிசு?

பிறகு, பிள்ளைகளின் படிப்புக்காக அவர் அஸ்தம்பட்டிக்குக் குடிபோனார். தொட்டி இங்கேயே இருக்கும் என்றார். கூடம் பூட்டியே இருக்கட்டும், வெளிச்சம் மாறினால் பவளம் மிரண்டுவிடும், யாரும் திறக்க வேண்டாம், ஞாயிறுதோறும் நானே வந்து பார்க்கிறேன் என்றார். தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடக்கக் கிளம்பியபோது திருநீறு பூசி வழியனுப்பியவர் அவர்தான். கிளம்பும் முன் என் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பாசி கேட்டார், கொடுத்தேன். கால் கொப்புளத்தோடு முருகன் முன்னால் நின்று, அந்தப் பவளத்துக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது, போனது. ஞாயிறுதோறும் அண்ணன் வந்தார், பூட்டைத் திறந்தார், உள்ளே கால்மணி நேரம் இருந்தார், வெளியே வந்து என் வீட்டில் மோர் குடித்தார். "மீனெல்லாம் சொகமா இருக்குதுடா" என்பார். நான் பாசியை அளவாகக் கிள்ளி, விளக்குப் போட்டு, வற்றிய தண்ணீருக்கு ஈடு ஊற்றி, ஏழு மாதம் கடலுக்குக் காவல் இருந்தேன்.

ஆவணியில் மகளின் காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க அஸ்தம்பட்டி போனேன். கூடத்தில் ஐந்தடித் தொட்டி நின்றது. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் இருந்தன. கீழே புதிதாக ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் என் பாசி, ஒரு கைப்பிடி ஒரு புதராக வளர்ந்திருந்தது. அண்ணி சாதாரணமாகச் சொன்னார்: "வாங்க கொழுந்தனாரே. இது தைப்பூசத்தப்பவே வந்துருச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், காபி குடி என்றார்.

"என்ற தொட்டி இப்ப எதோட சேந்துருக்குதுங்கண்ணா?"

மீன்களுக்கு ஒரு சிட்டிகை இரை தூவினார். அப்புறம், "ஒரு வாளியோட" என்றார்.

நான் எழுந்தேன்.

"சொல்லியிருந்தா நீ தொட்டிய எடுத்துப்போட்டிருப்ப. உன்ற மொகத்தப் பாத்துச் சொல்ல முடியிலடா. வாளியிலயும் கடல் தண்ணிதான் சாமி."

சாவியை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து கூடத்தைத் திறந்தேன். ஐந்தடிப் பலகை மேல் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. உள்ளே குமிழி விட்டுக்கொண்டு ஒரு குழாய் மேலே போனது, ஒரு குழாய் கீழே வந்தது. ஏழு மாதம் நான் சுத்தம் செய்தது அதைத்தான். அவ்வளவு சுத்தமான வாளி ஜில்லாவில் இருந்திருக்காது. பொய் சொல்வதில் ஊர் மெச்சப் பேர் வாங்கிய நான், ஞாயிறுதோறும் ஒரு பொய்க்கு மோர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

காதுகுத்துக்கு அவர் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை; பத்திரிகை என் பையிலேயே திரும்பி வந்திருந்தது. அதன் பிறகு, அவரைத் தூக்கும் நாளில்தான் அந்த வாசலை மிதித்தேன். பதினாறாம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரக் கேட்டவர்கள், பெருந்தன்மை என்று ஒரு சொல்லையும் சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்க மாட்டேன். மீனை எடுத்துப் போனதற்குக் கோபமில்லை, மீன் அவர் பங்கு. பொதுவில் இருந்த தண்ணீரை ஒருவர் மட்டும் பிரித்தார். பிரித்ததை என்னிடம் மறைக்க, ஏழு மாதம் பஸ் ஏறி வந்தார். அந்தப் பஸ் பயணங்களில் ஒன்றையாவது உண்மை சொல்வதற்குச் செலவழித்திருக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஏழு மாதம். பாதிக் கடல் எனக்குச் சொந்தம் என்று எண்ணிக்கொண்டு தினமும் காலையில் நான் கண் விழித்த ஏழு மாதம். அவ்வளவு பெரிய சொத்து அதற்கு முன்னும் எனக்கு இருந்ததில்லை, பின்னும் இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

கோழி, ரசம், மிதந்த தறி, மூச்சடக்கிப் போன பஸ் எல்லாம் என் கைச்சரக்கு. வாளி மட்டும் நிஜம்.