பாதியாய்த் திரும்பி வந்த டப்பா

கேஸ் அடுப்பு மெக்கானிக்கை யாரும் ஹாலில் உட்காரவைத்து நலம் விசாரிப்பதில்லை; செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்பங்கரைதான்.

அதனால் ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் எந்த வீட்டில் எந்த டப்பாவில் புளி இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அடுப்பு, குக்கர், மிக்சி எதைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டிவிடுவேன். அதே அடுப்பில் வாய்க்கு விளங்கும்படி சமைக்க மட்டும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் போன ஆடி மாதம்வரை வரவில்லை.

என் மனைவி சுமதி ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தவள். ஆடியில் அவளை சூப்பர்வைசர் பயிற்சிக்கு எடுத்தார்கள். ரொம்ப வருஷமாக அவள் ஆசைப்பட்ட வேலை. பயிற்சிக்காக முதலில் ஒட்டுகிற செக்‌ஷனில் போட்டார்கள், அதாவது தோலில் சொல்யூஷன் பசை தடவி அடிப்பாகத்தோடு ஒட்டுகிற இடம். விடியற்காலை முதல் ட்ரிப் கம்பெனி பஸ்ஸிலேயே போயாக வேண்டும். “நீ கெளம்பு, சாப்பாட்ட நான் பாத்துக்கறேன்” என்று நானும் பெரிய வீரன்போலச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்தே டப்பா பாதியாகத் திரும்பி வந்தது. கேட்டால் “பசிக்கல” என்பாள். கன்னம் ஒட்டிப்போனது. ஒரு நாள் லைனிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வரவேண்டிய வேலை என் சாம்பார் சாதத்தால் போய்விடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கை பர்னரில், கண் வாணலியில். தினமும் காலையில் டப்பா கட்டி அல்லாடுகிற என் இனத்தாருக்கு உதவுமே என்றுதான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பால் சாதம்

மாதனூரில் தனலட்சுமி என்று ஒரு பெண். அவளும் வேறொரு ஷூ கம்பெனிக்குப் போகிறவள். குக்கரில் விசில் வராமல் ஓரமெல்லாம் ஆவி போகிறது என்று கூப்பிட்டிருந்தாள். கேஸ்கெட் தளர்ந்திருந்தது. நான் புதிய ரப்பரை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் குழைந்த சாதத்தில் வெதுவெதுப்பான பாலை ஊற்றிப் பிசைந்தாள். பிசைந்து முடித்து ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டாள். “இது தயிர் சாதமா, பால் சாதமாம்மா?” என்று கிண்டலாகக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, “மதியம் வந்து பாருங்க” என்றாள்.

பக்கத்தில் எலுமிச்சை சாதம். அடுப்பை அணைத்து, தாளிப்பு சற்று ஆறிய பிறகுதான் பழத்தைப் பிழிந்தாள். கொதிக்கிற எண்ணெயில் பிழிந்தால் கசக்குமாம். சாதத்தை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஃபேன் காற்றில் ஆறவிட்டு, அப்புறம்தான் டப்பாவில் அடைத்தாள். நான் ஆவி பறக்க அடைத்து மூடுகிறவன். மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் சாதத்தில் இறங்கி, மதியத்துக்குள் ஊசிப்போகிறது என்று அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பை அணைத்துவிட்டால் சமையல் முடிந்தது என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்! மூடிய டப்பாவுக்குள்ளும் அது நடந்துகொண்டே இருக்கிறது. தனலட்சுமி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“நீங்க காலையில ருசி பாத்துட்டு மூடறீங்கண்ணா. சாப்புடறவங்க காலையிலயா சாப்புடறாங்க?”

பர்னர் வேறு மாதிரி கத்துகிறது

ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் சம்பத் சார் வீடு. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவர் மனைவி பேங்க்கில் வேலை செய்வதால் வீட்டில் சமையல் அவர்தான். “இடது பக்கத்து பர்னர் நேத்திலேர்ந்து வேற மாதிரி கத்துதுப்பா” என்று போனில் சொன்னார். போய்ப் பற்றவைத்துப் பார்த்தேன். தீ நீலமாக, அழகாக எரிந்தது. ஒன்றுமில்லை சார் என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கும் கழற்றுவோமே என்று குழாயைத் தட்டினால் உள்ளே சிலந்தி கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது! நூல்கூட இன்னும் அடர்த்தியாகவில்லை.

சரி செய்ததும் சோதித்துப் பார்க்க வெங்காயத்தைப் போட்டார். ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தார், சீக்கிரம் வதங்குமென்று. பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாணலி சோவென்று மழை மாதிரி இரைந்தது. இரைச்சல் மெல்லத் தேய்ந்து, மெல்லிசாகச் சடசடத்தபோது இஞ்சி பூண்டு போனது. தக்காளி விழுந்ததும் மறுபடி இரைச்சல், மறுபடி காத்திருப்பு. தண்ணீர் வற்றி எண்ணெய் மட்டும் ஓரத்தில் பொரிகிற சத்தம் வந்தபிறகுதான் மிளகாய்த்தூள். நான் எட்டிப் பார்த்தேன், எண்ணெய் அப்படியே பிரிந்து நிற்கிறது. இது எப்படி சார் என்றேன்.

“கண்ணு இருக்கறவங்க அவசரப்பட்டுடறாங்கப்பா. நெறம் மாறின ஒடனே அடுத்தத கொட்டிடறாங்க. மொதல்ல உள்ள இருக்கற தண்ணி பேசி முடிக்கட்டும்.”

தெருவே மணந்தது

மறுநாள் சம்பத் சார் சொன்ன மாதிரியே காதைத் தீட்டிக்கொண்டு தக்காளி சாதம் செய்தேன். பட்டை, லவங்கம், புதினா எல்லாம் ஜாஸ்தியாகவே போட்டேன். எதிர்வீட்டுக்காரர் வந்து “இன்னாப்பா விசேஷம்?” என்று விசாரித்துவிட்டுப் போனார். இன்றைக்கு டப்பா காலிதான் என்று நாள் முழுக்க ஸ்குரூட்ரைவரும் கையுமாகச் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தேன். ஓரத்தில் இரண்டு வாய் எடுத்திருந்தாள், அவ்வளவுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுமதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பெல்லாம் அவளுடையது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

“நல்லா இருக்குதுன்னு பஸ்ல கூட வர்ற மேரியே சொன்னா. எனக்குத்தான் எதுவுமே தெரியல. வெறும் காரம் மட்டும் தெரியுது.”

பல்லுக்கும் நாக்குக்கும்

வாணியம்பாடியில் ஜரீனா பாஜி வீட்டு அடுப்பில் கரி அடைத்துக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் அவரை பாஜி, அதாவது அக்கா, என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே. அவர் கணவர் வாலிபத்திலிருந்து தோல் பதனிடுகிற ஷெட்டில் உழைத்து ஓய்ந்தவர், முன்கட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாஜி அவருக்குத் தட்டு தயார் செய்துகொண்டிருந்தார். பருப்பு, சோறு. அதற்குச் சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் முறுக வறுத்த வெங்காயம், நறுக்கிய மாங்காய், ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலை. எதையும் பருப்பில் கலக்கவில்லை. கலந்தால் ஊறிப்போகுமாம்.

கேஸ் வருகிற ஜெட் துளையைக் குத்திச் சுத்தம் செய்தபடி சுமதியின் டப்பா கதையைச் சொன்னேன். “எந்த செக்‌ஷன்?” என்றார் பாஜி. ஒட்டுகிற செக்‌ஷன் என்றதும் அவர் கை நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கல்யாணமான புதுசுல ஒரு நாள் பிரியாணி அடிபுடிச்சி வீடெல்லாம் பொக. இவரு பக்கத்துலயே உக்காந்துனு பேப்பர் படிக்கிறாரு. அன்னிக்கிதான் புரிஞ்சிது, மூக்கு போச்சின்னு. மூக்கு அடங்கிட்டா மசாலா எவ்ளோ போட்டும் வேஸ்ட்டு தம்பி. பல்லு இருக்குது, நாக்கு இருக்குது. மொறுமொறுன்னு ஒண்ணு, புளிப்பா ஒண்ணு, காரமா ஒண்ணு. அதுக்கு சமைச்சிக் குடு.” இது உங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “நான் கேக்கல, அவரும் சொல்லல” என்றார் பாஜி.

சுமதி அந்த செக்‌ஷனுக்குப் போனதும் நான் கரண்டி பிடித்ததும் ஒரே வாரம் என்பதால், சொல்யூஷன் நெடியின் பழியை என் சமையல் மேலேயே போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த அம்மாளோ ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு மனுஷனுக்கு ஆயுசு முழுக்க ருசியைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். அதை நினைத்தபடி பர்னரை மாட்டிக்கொண்டிருந்தபோது, முன்கட்டில் முதல் வாய் போட்டுக்கொண்ட பெரியவர் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

“எங்க வூட்டம்மா சமையல்ல இன்னா வாசன பாத்தியா தம்பி!”

பஸ் வந்தது

மறுநாள் பட்டையும் கிடையாது, லவங்கமும் கிடையாது. தனலட்சுமியின் பால் சாதம், மிளகு மட்டும் கொஞ்சம் தூக்கலாக. தனியாக ஒரு சின்ன டப்பாவில், நன்றாக ஆறவைத்த வறுத்த வெங்காயம், முறுகலான வாழைக்காய்த் துண்டுகள், வேர்க்கடலை. இன்னொரு மூலையில் உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மாங்காய். வாழைக்காயை சம்பத் சார் சொன்னபடி சத்தம் அடங்கும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். சாப்பிடும்போது மேலே தூவிக்கொள், முன்னாடியே கலக்காதே என்று பஸ் ஏறும்வரை சுமதியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுத் தெருமுனையில் போய் நின்றேன். பஸ் வந்தது. சுமதிக்கு முன்னால் அவள் தோழி மேரி இறங்கினாள். பின்னாலேயே இறங்கிய சுமதி கூடையை லேசாக ஆட்டிக் காட்டினாள். வெறும் டப்பா கடகடவென்று ஆடுகிற சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷத்தில் நான் ரிப்பேர் செய்த எந்தப் பாத்திரமும் என் காதுக்கு அவ்வளவு இனிமையாகச் சத்தம் போட்டதில்லை. தலைசுற்றல் அப்புறம் வரவே இல்லை, பயிற்சியும் முடிந்தது, சுமதி இப்போது சூப்பர்வைசர். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த பட்டம், இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேரி கொடுத்ததுதான்:

“அண்ணா, நாளைலேர்ந்து அந்த சின்ன டப்பாவ ரெண்டா குடுத்தனுப்புங்க. எங்க யாரையும் கை வெக்க வுட மாட்டேங்கறா உங்க பொண்டாட்டி!”

டப்பா கட்டி அல்லாடும் அன்பர்களே, நன்றாகச் சமைக்கக் கற்றுக்கொள்வதில் இருக்கிற ஒரே ஆபத்து, அதற்கப்புறம் அந்தக் கரண்டியை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருவரும் முன்வர மாட்டார்கள் என்பதுதான்.