ஆளுக்கு ஓர் அத்தியாயம்

எங்கள் ஆசிரியர் பயிற்சி நிலையத்தின் கணினி உள்வலையில் எதையெல்லாம் போடலாம் என்று பணிப்பாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஒரு புத்தகத்திலிருந்து ஒருவர் ஓர் அத்தியாயம் மட்டும் ஏற்றலாம்; மிச்சத்துக்கு எழுதியவரின் அனுமதி வேண்டும். நூலகம் என் பொறுப்பு என்பதால் அதைக் கதவில் ஒட்டியவன் நான்தான். ஒட்டிய பசை காயுமுன் அதில் ஓட்டை கண்டுபிடித்தவனும் நான்தான்.

விஞ்ஞானம் கற்பிப்பது பற்றிய ஒரு புத்தகத்துக்கு எங்களிடம் அடிதடி. இருந்தது ஒரே பிரதி, பத்து அத்தியாயம். பத்துப் பேரைப் பிடித்தேன். ஸ்கேன் செய்து ஆளுக்கொன்று கொடுக்க, அவரவர் பெயரில் ஏற்றினார்கள். கணக்குக் கிளார்க்குக்கு மண்புழு அத்தியாயம் விழுந்தது.

"மண்புழுவோட எனக்கு என்னா சேர் வேல?"

"சும்மா ஏத்துங்க. எல்லாம் சட்டப்படிதான்." சட்டம் என்றதும் என் குரல் தானாகவே கனத்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கள் கண்டியிலேயே படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து டீச்சர். சொந்தச் செலவில் அச்சடித்தவர். மீதிப் பிரதிகள் விற்றுப் போனால்தான் திருத்திய இரண்டாம் பதிப்பு. நாங்கள் நாற்பது பிரதி எடுப்போமா என்று கேட்க ஒருநாள் வந்தார். பணிப்பாளர் என்னையும் கூப்பிட்டு, "நம்மகிட்ட ஏற்கனவே என்ன இருக்குன்னு பாப்போம்" என்று உள்வலையில் தேடினார். பத்துக் கோப்புகளும் வரிசையாக வந்து நின்றன.

"முழுப் புத்தகமும் இருக்குது போல" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், ஆளுக்கு ஒரு அத்தியாயம்தான்" என்றேன்.

"ஓம், வடிவாப் பிரிச்சிருக்கிறியள். பிறகென்ன, நான் வாறன்." கைப்பையை எடுத்துவிட்டார்.

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். "பத்துப் பேரு சேந்து ஒரு வீட்டப் பிரிச்சிட்டு, ஆளுக்கு ஒரு ஓடுதான் எடுத்தோம்னு சொல்லுவீங்களா?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்று ஓடினேன். ஏற்றியவரால்தான் அழிக்க முடியும். கணக்குக் கிளார்க் சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி இடக்கையால் மண்புழுவை அழித்தார். ஒருவர் கடுகண்ணாவையில் கல்யாண வீட்டில். மேளச் சத்தத்துக்குள் போனில் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கத்தினார். இப்போது அது பந்தி முழுவதற்கும் தெரியும்.

மூச்சிரைக்கத் திரும்பினேன். டீச்சர் மறுபடி தேடச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. பணிப்பாளர் நாற்பது பிரதிக்கான கடிதத்தில் கையெழுத்திட்டார்.

"இப்ப நீங்களே ஒண்டைப் போடுங்கோ சேர்" என்றார் டீச்சர். "முதலாவது அத்தியாயம். அனுமதி எழுதித் தாறன். அது நல்ல இடத்தில முடியுது, வாசிச்ச ஆள் புத்தகத்தைத் தேடி வருவார்."

அவர் எழுதி முடிக்குமுன் நான் ஸ்கேனரைப் போட்டுவிட்டேன். இந்த முறை என் பெயரிலேயே ஏற்றினேன்.